மீனுக்கு வாங்கிய வளையல்

மாப்பிள்ளை கூரியரில் வரவழைத்த பெட்டியைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு கொதித்துக்கொண்டிருக்கிறது. பெட்டிமேல் குற்றமில்லை, மாப்பிள்ளைமேலும் இல்லை. விடுமுறை கிடைத்தால் நாகமரை பக்கம் ஆற்றுக்குப் போய்த் தூண்டில் போடுவது அவருக்கு ஒரு ஆசை. பெட்டிக்குள் விரல் நீளத்துக்கு ரப்பர் மீன்களும் ரப்பர் புழுக்களும் அறை அறையாக அடுக்கப்பட்டிருந்தன. ரோஸ், கிளிப்பச்சை, வெள்ளை, சிவப்பு, கறுப்பில் பொன்துகள் தூவியது. தொட்டால் வால் மெத்தென்று ஆடியது. தலையில் கோப்பதற்கு ஈயக்குண்டு வைத்த தூண்டில் முள் தனியாக ஒரு பொட்டலத்தில் இருந்தது.

பிறகு செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். ஏதோ குளிர் தேசம். ஏரி கல்லாக உறைந்து கிடக்கிறது. தடித்த கோட்டு போட்ட இரண்டு ஆண்கள் பனிக்கட்டியில் இயந்திரத்தால் துளை போட்டு, பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, எந்த நிறப் புழுவை உள்ளே இறக்கலாம் என்று பேசுகிறார்கள். வெயில் அடித்தால் ஒரு நிறமாம். மேகம் மூடினால் ஒரு நிறமாம். பனிக்கட்டிக்கு மேல் புதுப்பனி விழுந்து அடியில் இருட்டிவிட்டால் இன்னொரு நிறமாம். என்ன பொறுமை, என்ன மரியாதை! அதில் ஒருவர் ரோஸ் புழுவைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டுகிறார். உனக்கு எதுக்குடா ரோஸ் என்று அவரை யாரும் கேட்கவில்லை.

என் சின்னம்மாவைக் கேட்டார்கள். கேட்டு, வீட்டை விட்டே துரத்தினார்கள்.

காலை நடைக்கு வருகிற நம் வயதுக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெஞ்சில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுகிறீர்கள். அந்தக் காலத்தில் கூட்டுக்குடும்பமாக இருந்தோம், ஒரே சட்டியில் ஆக்கி ஒன்றாக உட்கார்ந்து தின்றோம், மனிதர்களுக்குள் ஒட்டுதல் இருந்தது, இப்போது எல்லாம் போய்விட்டது என்று. நானும் வாயை மூடிக்கொண்டு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். இனிமேல் முடியாது. அந்த ஒரே சட்டியில் என்ன வெந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் ஊர் ஏரியூரிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்குகிற சாலையில் இருக்கிறது. ஆறு என்று நாங்கள் சொல்வது மேட்டூர் அணையின் தேக்குத் தண்ணீரைத்தான். கோடையில் அது வற்றிப் பின்வாங்கும்போது வண்டலில் தட்டைப்பயறு விதைப்போம். ஆடியில் கர்நாடகத்துத் தண்ணீர் வந்ததும் பயிர் இருந்த இடத்தையெல்லாம் மூடிக்கொண்டு மேலே ஏறும். நான் சொல்லப்போவது அப்படி ஒரு ஆனியும் ஆடியும். எனக்கு அப்போது பத்து வயது இருக்கலாம்.

வீட்டுக்குப் பெரியவர் பெரியப்பா. அடுத்தவர் என் அப்பா. மூன்றாவது சின்னப்பா. அவர் கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டார். அவருடைய மனைவிதான் நான் சொல்லும் சின்னம்மா. பிள்ளை இல்லை. சின்னப்பா போன அன்று அவள் கையிலிருந்த கண்ணாடி வளையல்களை உடைத்தவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. அதன்பிறகு சின்னம்மாவுக்கு வெள்ளைச் சேலை. பூ கிடையாது, பொட்டு கிடையாது, விசேஷ வீட்டில் முன்னால் வரக்கூடாது. பெரியம்மா செத்து இரண்டு வருடம்கூட ஆகாத பெரியப்பா மட்டும் பச்சைக் கரை வேட்டி கட்டிக்கொண்டு, விரலில் மோதிரம் போட்டுக்கொண்டு, தனக்குப் பொண்ணு பார்க்கப் போய்வந்துகொண்டிருந்தார். அவரை 'அவர்' என்று எழுதவே கை கூசுகிறது. பழக்கதோஷம், எழுதுகிறேன்.

சின்னம்மாவுக்கு விடிந்ததும் முதல் வேலை மாட்டுக்குப் புல் அறுப்பது. அரிவாளும் கூடையுமாகத் தண்ணீர் ஓரம் போவாள். கூடைக்குள் ஒரு தகரப் பெட்டி இருக்கும். சின்னப்பா விட்டுப்போன தூண்டில் பெட்டி. புல்லை வேகமாக அறுத்து முடித்துவிட்டு, வெயில் ஏறும்வரை தூண்டில் போடுவாள். திரும்பி வரும்போது புல்லுக்கு அடியில் விரால் மீன் இருக்கும். பரிசல்காரரிடம் கேழ்வரகு கொடுத்து மாற்றிக்கொண்டதாக வீட்டில் சொல்வாள். நான் ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டேன்.

"யாருகிட்டயும் சொல்லாத பாப்பா. பொம்பள தூண்டி போடுறதான்னு ஆரம்பிச்சிருவாங்க."

"சொல்லலேன்னா என்னயும் கூட்டிக்கிட்டுப் போகணும்."

"போடி இவளே" என்று சிரித்தாள். அன்றிலிருந்து நானும் போனேன்.

எங்கள் ஊரில் விராலுக்குத் தவளையை உயிரோடு முள்ளில் குத்திப் போடுவார்கள். அது கால் உதைத்துக்கொண்டு துடிப்பதைப் பார்க்கச் சின்னம்மாவுக்கு ஆகாது. அதனால் பொய்த்தவளை செய்தாள். அதற்கு என்ன கிடைத்தது தெரியுமா? என்னுடைய ரப்பர் வளையல். நம் சின்ன வயதில் எல்லாப் பெண் பிள்ளைகளும் கை நிறையப் போட்டுக்கொண்டு திரிந்தோமே, இழுத்தால் நீளுமே, அதுதான். அதை நறுக்கி, நுனியை இரண்டாகப் பிளந்து, ஈயக்குண்டு முள்ளில் கோத்தால் தண்ணீரில் கால் மாதிரி ஆடும். உடைந்த பலூனைக் கீற்றுக் கீற்றாக வெட்டி அதற்குப் பாவாடை மாதிரி கட்டுவாள். ஜிகினா நூலை ஒரு சுற்றுச் சுற்றுவாள். நகப்பாலிஷால் ஈயத்தில் இரண்டு கண் வைப்பாள். அந்த நகப்பாலிஷ் வாசனையும் கையில் ஒட்டிய மீன் வாடையும் கலந்த ஒரு நாற்றம் இருக்கிறது. இன்றைக்கும் யாராவது பெண்ணின் விரலில் அதில் பாதி வந்தால் மீதிப் பாதியை என் மூக்கு தானாகத் தேடுகிறது.

நிறத்தில்தான் எங்களுக்குள் சண்டை. ரோஸ்தான் அழகு, ரோஸைத்தான் மீன் தின்னும் என்று நான் அடம் பிடிப்பேன். "மீனுக்கு உன்னாட்டம் ரோஸ் பைத்தியமா?" என்பாள். கடைசியில் சோதித்துப் பார்ப்போம் என்று ஒரு நைலான் நரம்பில் வரிசையாக எல்லா நிறத் துண்டுகளையும் கட்டி, அடியில் கல் வைத்து, பாறை மேலிருந்து இறக்கினாள். நான் குப்புறப் படுத்து மூக்கு தண்ணீரில் படப் பார்க்க வேண்டும்.

"எது தெரியுது?"

"எல்லாம் தெரியுது சின்னம்மா."

"இப்ப?"

"செவப்பக் காணோம்."

"காணோமா? அங்கதான இருக்கும், நல்லாப் பாரு."

"கறுப்பாயிருச்சு சின்னம்மா. செவப்பு கறுப்பாயிருச்சு!"

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. என்னை எழுப்பிவிட்டு அவளே படுத்துப் பார்த்தாள். வெள்ளைச் சேலை முழுக்கச் சேறு. எழுந்து என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். மேலே அத்தனை எடுப்பாக இருக்கிற சிவப்புதான் ஆழத்தில் முதலில் காணாமல் போகிறது. வெள்ளையும் மஞ்சளும் வெகுதூரம் தெரியும். ஆனித் தண்ணீர் தெளிந்து கிடந்ததால் வெள்ளையில் பச்சை கலந்து போட்டோம். மேகமூட்டமாக இருந்த ஒரு நாள் என் வற்புறுத்தலுக்காக ரோஸ் போட்டாள். அதில் ஒரு நல்ல விரால் விழுந்துவிட்டது. பிறகு என் வாயை யாரால் மூட முடியும்?

இன்னொன்றையும் அவள் கண்டுபிடித்தாள். ஆழமில்லாத இடத்தில் கரையில் வெள்ளைச் சேலை அசைந்தால் விரால் சடக்கென்று உள்ளே போய்விடுகிறது. அதனால் தூண்டில் போடும்போது மட்டும் என் அம்மாவின் பழைய கரும்பச்சைச் சேலையை மேலே சுற்றிக்கொள்வாள். கரையோரக் கருவேல மரங்களுக்கு நடுவே அந்தப் பச்சையோடு நின்றால் எனக்கே அவள் தெரிய மாட்டாள். புறப்படும்போது அவிழ்த்து மடித்துக் கூடைக்குள் வைத்துவிடுவாள்.

அந்தப் பருவம் முழுக்க எங்கள் வீட்டில் களிக்கு மீன் குழம்பு. பெரியப்பா தலைத்துண்டை உறிஞ்சிவிட்டு இன்னும் ஒரு கரண்டி கேட்பார். அப்பா, "பரிசல்காரன் நல்லவன்டா" என்பார். பரிமாறுகிறவள் அம்மா. ஆக்கினவளும் பிடித்தவளும் அடுப்படி மூலையில் கடைசியாக உட்கார்ந்து, சட்டியில் மீந்த சாற்றைத் தொட்டுச் சாப்பிடுவாள். இதுதான் உங்கள் ஒரே சட்டி.

ஆடி பிறந்து புதுத்தண்ணீர் வந்தது. செம்மண்ணைக் கரைத்த தண்ணீர், ஒரு முழம்கூடத் தெரியாது. வெள்ளையும் பச்சையும் போட்டால் ஒன்றும் கடிக்கவில்லை. மறுபடி நரம்பில் கட்டி இறக்கிப் பார்த்தோம். கலங்கல் தண்ணீரில் கறுப்புதான் கெட்டியாகத் தெரிந்தது. எங்களிடம் கறுப்பு வளையல் இல்லை.

ஆடிப்பெருக்கு அன்று ஆற்றங்கரையில் கடைகள் போட்டிருந்தார்கள். பெண்களெல்லாம் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, காதோலை கருகமணியை ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னம்மா அங்கே வரக்கூடாது. தூரத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்துகொண்டு என்னை அனுப்பினாள். நான் வளையல் கடையில் போய்க் கறுப்பு ரப்பர் வளையலும் பொன்னிற ஜிகினாவும் கேட்டேன்.

"நல்ல நாளும் அதுவுமா கறுப்பா பாப்பா? செவப்பு போட்டுக்க, கைக்கு நல்லாருக்கும்" என்றார் கடைக்காரர்.

"எனக்கில்லீங்க. மீனுக்கு."

கடைக்காரர் சிரித்தார். பக்கத்தில் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியப்பாவும் சிரித்தார். என் தலையைக்கூடத் தடவினார். பாறையில் உட்கார்ந்திருந்த சின்னம்மாவிடம் நான் வளையலைக் கொண்டுபோய்க் கொடுப்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கறுப்பில் பொன் சுற்றிப் போட்டதும் மீன் விழ ஆரம்பித்தது. விரால் மட்டுமில்லை, வாளையும் விழுந்தது. இழுக்க முடியாமல் நாங்கள் இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்து இழுத்தோம். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எங்கள் களத்தில் பங்காளிகள் எல்லாம் கூடியிருந்தார்கள். நடுவில் சின்னம்மா நின்றிருந்தாள். விடியற்காலையில் ஆற்றோரம் அவள் கலர் சேலை கட்டிக்கொண்டு யாருக்கோ காத்து நின்றதைத் தன் கண்ணால் பார்த்ததாகப் பெரியப்பா சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தகரப் பெட்டி இருந்தது. அதைத் திறந்து ஒரு முறத்தில் கொட்டினார். வளையல், ஜிகினா, நகப்பாலிஷ், பலூன் கீற்று, ரிப்பன்.

"வெள்ளச் சேல கட்டுனவளுக்கு வளையலு எதுக்குங்க? நகத்துக்குச் சாயம் எதுக்குங்க? யாருக்குக் காட்ட?"

கூட்டம் உச்சுக் கொட்டியது. அடுத்து அம்மாவைக் கேட்டார்கள். அம்மா தலையைக் குனிந்தபடி, "என் பச்சச் சேலயக் காணோம்னு நானும் தேடிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள்.

சின்னம்மா நிமிர்ந்துதான் பதில் சொன்னாள். "மீனு புடிச்சேன். அத்தனையும் மீனுக்குச் செஞ்சது. நீங்க எல்லாரும் தின்னீங்க."

"மீனு புடிச்சியா? சரி. தூண்டி எங்க?"

அவள் முறத்தைப் பார்த்தாள். குனிந்து கையால் துழாவினாள். முள் இல்லை. ஈயக்குண்டு இல்லை. நரம்பு இல்லை. மீனைப் பிடிக்கிற சாமான் ஒன்றுகூட அந்தப் பெட்டியில் இல்லை. பெண்கள் அலங்காரம் செய்துகொள்கிற சாமான் மட்டும்தான் இருந்தது. சின்னம்மா மெதுவாக எழுந்து என் அம்மாவைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

நான் கத்தினேன். "மீனுக்குத்தான்! எல்லாம் மீனுக்கு! அது என்னோட வளையலு! பெரியப்பா, நான் கடையில சொன்னத நீங்ககூடக் கேட்டுக்கிட்டு நின்னீங்களே!"

களமே சிரித்தது. "மீனு வளையலு போடுமா பாப்பா?" என்று ஒருவர் கேட்டார். "மயிலு தோடு போடும், மீனு வளையலு போடாதா" என்று இன்னொருவர். மறுபடி சிரிப்பு. பெரியப்பா மட்டும் சிரிக்காமல், "பாத்தீங்களா? சின்னப் புள்ளைக்குப் பொய் சொல்லக் கத்துக் குடுத்து, கடைக்கும் அனுப்பியிருக்கா" என்றார். நான் ஓடிப்போய் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அப்பா என்னைக் கன்னத்தில் அறைந்து வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்து கதவை உதைத்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. சிரித்தவர்களில் பாதிப்பேர் எங்கள் வீட்டு மீன் குழம்புக்கு வந்து போனவர்கள்.

அன்று சாயங்கால பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டார்கள். மொரப்பூர் பக்கம் அவளுடைய அண்ணன் வீடு இருந்தது. இந்த மாதிரிப் பேரோடு வந்தவளை அங்கே எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள்? மொரப்பூரில் ரயிலேறிப் பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போய்விட்டாள் என்று பிறகு ஒரு செய்தி வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. நான் பெரியவளாகி, வேலைக்குப் போய், எனக்கென்று கையில் காசு வந்த பிறகு இரண்டு முறை தேடிப் போனேன். அண்ணன் வீடே அங்கே இல்லை.

இத்தனை வருடமாக நான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தது இதுதான்: பெரியப்பா ஒருவர் பொல்லாதவர், மற்றவர்கள் விவரம் தெரியாதவர்கள். வளையல் மீனுக்கு என்று சொன்னால் அந்தக் காலத்து ஜனங்களுக்கு எப்படிப் புரியும்? முள் எங்கே போனது என்று மட்டும் விளங்கவில்லை. பயத்தில் சின்னம்மாவே எங்கேயாவது ஒளித்து வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் மாப்பிள்ளை வீடியோவை நிறுத்திவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு புழுவை எடுத்தார். "இந்தச் செவப்பு நல்லா எடுப்பா இருக்குதுங்க அத்தை. மொதல்ல இதையே போடட்டுமா?"

நான் வாய் திறக்கும் முன்னால் உள்ளறைக் கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"செவப்பு வேணாங்க. ஆழத்துக்குப் போனா கறுத்துப் போயிரும். மீனுக்குத் தெரியாது."

அம்மாவுக்கு எண்பதுக்கு மேல் ஆகிறது. கண் மங்கிவிட்டது, காது மட்டும் இன்னும் தெளிவு. நடக்க முடியாமல் போன பிறகு தருமபுரியில் என் வீட்டில்தான் இருக்கிறாள். அவள் பிறந்ததிலிருந்து தூண்டிலைத் தொட்டதில்லை. நான் எழுந்துபோய்க் கட்டிலருகே நின்றேன்.

"இது உனக்கு யாரு சொன்னா?"

"அவதான் சொன்னா. மீனு அலசறப்ப எல்லாத்தையும் சொல்லுவா. எந்தத் தண்ணிக்கு எந்தக் கலருன்னு."

"அப்ப அந்தப் பச்சச் சேல?"

"நாந்தான் குடுத்தேன். வெள்ளையக் கண்டா மீனு ஓடுது அக்கான்னா. கொடியில கெடக்குது, எடுத்துக்கன்னேன்."

"முள்ளு எங்கம்மா போச்சு?"

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "முள்ளு இருந்தா தூண்டிதான்னு பாத்தவங்களுக்கெல்லாம் தெரிஞ்சிரும்னாரு உங்க பெரியப்பா. நாந்தான் ஒன்னொன்னா அறுத்து எடுத்தேன். உங்கப்பா கொண்டுபோயி ஆத்துல போட்டுட்டு வந்தாரு."

"ஏம்மா? அவ உங்கள என்னா பண்ணுனா?"

"உங்க சின்னப்பா பங்கக் கேட்டா. ஆத்தோரக் காட்டப் பிரிச்சுக் குடுங்க, நான் தனியாப் பொழச்சுக்கறேன்னு கேட்டா. பிரிச்சுக் குடுத்தா மத்தவங்களுக்கு என்னா மிஞ்சும்? என்னயும் என்னா பண்ணச் சொல்ற? நான் மாட்டேன்னு சொல்லியிருந்தா அடுத்தது எம் பெட்டியக் கொட்டியிருப்பாங்க."

மாப்பிள்ளை கையில் புழுவோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். பிறகு அதைப் பெட்டியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

தெரியாமல் செய்தார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் ஒரு ஆயுளையே ஓட்டிவிட்டேன். அவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வெள்ளை மீனை விரட்டும், கறுப்பு கலங்கலில் தெரியும், சிவப்பு ஆழத்தில் மறையும் என்று அத்தனையும் தெரிந்துகொண்டு, அவள் பிடித்த மீனையும் தின்றுகொண்டு, உட்கார்ந்து முள்ளை அறுத்திருக்கிறார்கள். அந்த ஆற்றோர நிலத்தில் அப்பா போட்ட மஞ்சளில்தான் நான் படித்தேன், அந்தக் காட்டை விற்றுத்தான் எனக்குக் கல்யாணம் செய்தார்கள். வயசானவங்க, விட்டுடு என்று என்னிடம் சொல்ல வருகிறவர்கள் வர வேண்டாம். காலை நடைக்கும் இனி வேறு பக்கம் போய்க்கொள்கிறேன்.

அதன்பிறகு நாலைந்து நாள் அம்மாவிடம் நான் பேசவில்லை. குளிப்பாட்டுவேன், துணி மாற்றுவேன், மாத்திரை கொடுப்பேன், வாய் திறக்க மாட்டேன். நேற்று மத்தியானம் களியைக் கரைத்து எடுத்துக்கொண்டு போனபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது.

"பாப்பா, என்னய எங்கியாச்சும் கொண்டுபோயி வுட்டுருவியா?"

"மாட்டேன். வூட்ட வுட்டுத் தொரத்துறது உங்க பழக்கம், எனக்கு அது வராது. வாயத் தொற."